போர் வீட்டுக்குள் நுழைந்த வழி

2005ஆம் ஆண்டில் வடக்கு கிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை, உள்ளூரிலேயே முதுமாணித் தரத்தில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்கள் சந்தித்துப் பேசினார்கள். போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. ஆழிப்பேரலையின் அழிவு இன்னும் கண்முன்னே கிடந்தது. கிளவுடியா கட்டானி, பிராங்க் நொய்னர் முதலியோர் 2008இல் வெளியிட்ட அந்த ஆய்வில் எடுத்த எடுப்பில் கண்ணில் படுவது நோய்க்கணக்கு. பிள்ளைகளில் 30.4 வீதத்தினருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், 19.6 வீதத்தினருக்குப் பெரும் மனச்சோர்வு. போர் நடந்த மண்ணில் இதைக் கேட்டு எவரும் திடுக்கிடமாட்டார்கள். திடுக்கிட வைப்பது வேறோர் எண். போர்ச் சம்பவம் ஒன்றையேனும் அனுபவித்த பிள்ளைகள் 82.4 வீதம். வீட்டு வன்முறை என்ற வகைக்குள் அடங்கும் அனுபவம் ஒன்றையேனும் சொன்ன பிள்ளைகளோ 95.6 வீதம். ஷெல்லுக்குத் தப்பிய பிள்ளைகூட வீட்டில் கைக்குத் தப்பவில்லை.

இந்த இரண்டாவது எண்ணை அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. ஆய்வாளர் வைத்திருந்த பட்டியல் அகலமானது. அப்படியொரு பட்டியலை எந்தத் தெற்காசிய நகரத்துக்குக் கொண்டுபோனாலும் பெரிய எண்தான் வரும். பிரியாஞ்சலி டி சொய்சா கொழும்பு மாவட்ட அரச பாடசாலைகளில் பன்னிரண்டு வயதுச் சிங்களப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலும், முந்திய ஓராண்டுக்குள் பெற்றோரிடம் அடி வாங்கியவர்கள் ஏறத்தாழ 70 வீதம். அங்கே ஷெல் விழவில்லை. ஆகவே அடியைப் போர்தான் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. பூவரசந்தடி போருக்கு முன்னரே கூரைத் தாவாரத்தில் செருகியிருந்தது. 'அடியாத மாடு படியாது' என்பதை எங்கள் பேரன்மார் எந்த வெடிச்சத்தமும் கேட்காத காலத்திலேயே சொல்லி வந்தார்கள்.

போர் செய்தது என்ன என்பதற்கு அந்த ஆய்வே பதில் வைத்திருக்கிறது. வீட்டில் பிள்ளை அனுபவிக்கும் கொடுமையின் அளவோடு இரண்டு விடயங்கள் சேர்ந்து போயின: தகப்பனின் குடி, குடும்பம் ஏற்கெனவே பட்ட போர் அனுபவம். வெளியே நடந்தது உள்ளே வந்திருக்கிறது. அடிகள் கூடக் கூட நோயும் கூடியது. போரின் அடி, வீட்டின் அடி, கடலின் அடி எல்லாம் ஒரே கணக்கில் ஏறின.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தொண்ணூறுகளிலிருந்து இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வந்தார். தமிழில் 'மனவடு' என்ற பெயரில் ஒரு நூல். 1998இல் வந்த ஆங்கில நூல், போர் இலங்கைத் தமிழரின் மனங்களில் விட்ட காயங்களைப் பற்றியது. பின்னாளில் அவர் தனிமனிதர் என்ற அலகையே கேள்விக்குள்ளாக்கினார். எங்கள் ஊர்களில் துன்பம் ஓராளுக்குள் அடங்கி நிற்பதில்லை. குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைகின்றன, மீண்டாலும் சேர்ந்தேதான் மீளமுடியும் என்பது அவருடைய கூட்டு மனவடுக் கருத்து. பிள்ளை வளர்ப்பைப் பற்றி இன்று பேசுவோர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரவில் சரியாக நித்திரை வராத, பட்டாசுச் சத்தத்துக்கு நெஞ்சு பதறுகிற, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிற ஒரு தகப்பனிடம் போய், 'பிள்ளையோடு இதமாகப் பேசுங்கோ' என்று மட்டும் சொல்வது அவரை இன்னொரு முறை குற்றவாளியாக்குவதாகவே முடியும்.

அதே பெற்றோர்தான் பிள்ளையின் காப்பும் என்பது விடயத்தின் மறுபக்கம். 2015இல் வத்சலன் ஸ்ரீஸ்கந்தராஜாவும் நொய்னரும் கட்டானியும் வட இலங்கைக் குடும்பங்களில் 359 சிறுவர்களிடமும் அவர்களுடைய பாதுகாவலரிடமும் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். போரை அனுபவித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே அளவில் உள்ளுக்குள் ஒடுங்கிப் போகவில்லை. பெற்றோரின் அரவணைப்பு நிறைவாக இருந்த பிள்ளைகளிடம், போர் அனுபவம் அச்சமாகவும் சோர்வாகவும் மாறுவது தடைப்பட்டிருந்தது. போரில் பட்டதை யாராலும் இல்லையென்று ஆக்க முடியாது. அது பிள்ளைக்குள் என்னவாக வளர்கிறது என்பதில் தாய் தகப்பனுக்குக் கையிருக்கிறது. கொழும்பில் டி சொய்சா கண்டதும் இதை ஒட்டியதே: பெற்றோரின் அடிக்கும், பிள்ளையின் மனநலப் பாதிப்புக்கும் நேர்த்தொடர்பு இருந்தது, அதோடு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதும் கணக்கில் வந்தது.

அரவணைப்பு என்றால் என்ன? நேர்முறைப் பிள்ளை வளர்ப்பு என்ற பெயரில் இங்கு வந்து சேரும் கைநூல்கள் பெரும்பாலும் மேற்கில் எழுதப்பட்டவற்றின் சாயலில் இருக்கும். பிள்ளையைப் பாராட்டுங்கள், அன்பை வாய்விட்டுச் சொல்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று அவை சொல்லும். யாழ்ப்பாணத்து அம்மா இதை வாசித்தால் சிரிக்கக்கூடும். பிள்ளையை நாலுபேர் முன்னால் மெச்சினால் நாவூறு படும் என்று நெற்றியில் கறுத்தப் பொட்டு வைத்தவள் அவள். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி வாழ்ந்து 1990இல் நூல் எழுதிய மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக், தமிழ்க் குடும்பத்து அன்பின் இந்த இயல்பை நுணுக்கமாகக் கவனித்தவர். பாசம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அது மறைக்கப்படுகிறது; சொந்தப் பிள்ளையை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பதைக்கூடத் தாய் தவிர்க்கிறாள் என்று எழுதினார். எங்கள் பக்கத்து வீடுகளிலும் இதுதான். அன்பு வாயால் வராது. சோற்றுக் கோப்பையில் மீன்துண்டாக வரும். ரியூசன் முடியும் நேரத்தில் கொட்டும் மழையில் சைக்கிளோடு வாசலில் நிற்கும் அப்பாவாக வரும்.

இதைக் குறைபாடு என்று கருதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் ரோனர் எழுபதுகளிலிருந்து பல பண்பாடுகளை ஒப்பிட்டுக் கட்டியெழுப்பிய கொள்கையின் மையம், பெற்றோர் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதில் இல்லை. தான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதாகப் பிள்ளை உணர்கிறதா என்பதிலேயே இருக்கிறது. அந்த உணர்வு எந்த வடிவத்தில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும்; அது இல்லாதபோது பிள்ளைக்கு நேரும் சேதம் அவ்வளவாக மாறுவதில்லை. மறைத்து வைத்த அன்பைப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டுமானால் அதற்குத் துப்புகள் வேண்டும். முன்பு அந்தத் துப்புகளைக் கொடுப்பதற்கு வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். 'கொப்பர் அப்பிடித்தான் கத்துவார், நீ காய்ச்சலிலை கிடக்கேக்கை விடிய விடிய முழிச்சிருந்தவர்' என்று பேரனுக்குத் தகப்பனை மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் அம்மம்மா இருந்தார்.

அம்மம்மாவின் இடம் யாழ்ப்பாணத்தில் தற்செயலாக அமைந்ததன்று. இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. அதனால் தாயும் மகளும் ஒரே வளவிலோ ஒரே ஒழுங்கையிலோ வாழ்ந்தார்கள். தாய்வழிப் பாட்டியின் மடியில் பிள்ளை வளர்வது இயல்பாயிற்று. சட்டத்திலும் இதன் சுவடு இருக்கிறது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் பணிப்பில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பும்போது பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறது. இறந்தவளின் தாய் அல்லது நெருங்கிய உறவினர் பிள்ளைகளை எடுத்து வளர்ப்பது வழக்கம். அப்போது தகப்பன், அவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு கொடுத்துவிட வேண்டும். தாயற்ற பிள்ளை எவருடைய கையில் பத்திரமாக இருக்கும், அந்தக் கைக்குச் செலவுக்கு எங்கிருந்து வரும் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே யோசித்து வைத்திருந்த சமூகம் இது. வளர்ப்பவருக்கு வளமும் வேண்டும் என்ற அந்த நடைமுறை அறிவு, இன்றைய கருத்தரங்குகளில் நான் அதிகம் காணாத ஒன்று.

அந்த ஏற்பாட்டைப் போர் சிதைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. மல்லாகம் கோணாப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை போன்ற முகாம்களில் சில குடும்பங்களுக்கு இடப்பெயர்வு கால் நூற்றாண்டைத் தாண்டியும் முடியவில்லை. ஓர் அறை, தகரக் கூரை, பொதுக் கிணறு. அங்கே பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரின் சண்டைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் இடையில் ஒரு சேலைத் திரைதான் இருந்தது.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். 2025இல் மறைந்த நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 'எந்தையும் தாயும்' நாடகத்தில், பிள்ளைகள் வெளிநாடு போனபின் யாழ்ப்பாணத்து வீடுகளில் தனித்துப்போன முதியோரை மேடையேற்றினார். அந்த நாடகத்தை முதியோரின் சோகமாகவே பலரும் பார்த்தார்கள். இழப்பு மறுகரையிலும் இருந்தது. ஸ்காபரோவில் இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் தகப்பனுக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள ஒரு கை குறைந்தது. இப்போது அம்மம்மா கைத்தொலைபேசித் திரைக்குள் வருகிறார். 'சாப்பிட்டனியோ குஞ்சு?' என்று கேட்கிறார். பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள்.

ஊரிலேயே இருக்கும் குடும்பங்களில் உறவை அரிப்பது நேரமின்மை. இங்கே பரீட்சையைப் பற்றிப் பேசாமல் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச முடியாது. ஆறில்லாத, மழையை நம்பிய குடாநாட்டில், கிணற்று நீர் விவசாயத்துக்கு வெளியே பிழைப்பதற்குக் கல்வியே வழியாயிற்று. மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அரசாங்க உத்தியோகம் குடும்பத்தின் கனவாயிற்று. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் அந்த வாசலை ஒடுக்கியபோது பதற்றம் இரட்டித்தது. போரில் வீடும் காணியும் போனபின், கொண்டோட முடிந்த ஒரே சொத்தாகப் படிப்புத்தான் மிஞ்சியது. ஆகவே யாழ்ப்பாணப் பெற்றோரின் படிப்பு வெறியை வெறும் கௌரவப் பசி என்று ஏளனம் செய்வோர் வரலாற்றை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

ஆனாலும் அதன் விலையைப் பிள்ளை கொடுக்கிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை, திறமையுள்ள ஏழைப் பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்குக் கொண்டுசேர்க்க உருவான ஏற்பாடு. இலவசக் கல்வி வந்த நாற்பதுகளின் நல்ல எண்ணத்தில் பிறந்தது. இன்று நாடு முழுவதும் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்குத் தோற்றுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையின் வெட்டுப்புள்ளி வீட்டின் மானமாகிறது. முடிவு வந்த கிழமையில் ரியூசன் கொட்டில்களின் மதில்களில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள் தொங்கும். தொங்காத பிள்ளைகளும் அதே ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும். காலை ஆறு மணி வகுப்பு, பாடசாலை, பின்னேர வகுப்பு, வீட்டுவேலை என்று ஓடும் நாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச மிஞ்சுவது 'படிச்சனியோ?' என்ற ஒரு கேள்வி. வெள்ளி மாலையிலும் ஞாயிறிலும் சிறிய வகுப்புகளுக்குத் தனியார் வகுப்பு நடத்தக் கூடாது என்று மாவட்ட மட்டத்தில் முடிவெடுத்ததை நான் பிள்ளை வளர்ப்புக் கொள்கையாகவே பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுப்பது பத்துக் கருத்தரங்குகளைவிடக் கூடுதலாகச் செய்யும். நடைமுறையில் அந்த ஞாயிறு எத்தனை வீடுகளுக்குத் திரும்பிப் போனது என்பது பெற்றோர் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது. தடையை மீறி வகுப்பு நடக்கிறதென்றால் காசு கட்டி அனுப்புவது நாங்கள்தானே.

எப்போதும் இதமாக இருக்கும் பெற்றோர் உலகில் எங்கும் இல்லை. எட்வர்ட் ட்ரொனிக் எழுபதுகளில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை அவளைத் திரும்பப் பிடித்திழுக்க எல்லா வித்தையும் காட்டி, முடியாமல், கடைசியில் உடைந்துபோகிறது. அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நல்ல உறவுள்ள தாயும் சேயும்கூட ஒன்றுக்கொன்று இசைந்திருப்பது நேரத்தில் ஏறத்தாழ 30 வீதம் மட்டுமே. மிச்ச நேரமெல்லாம் இசைகேடும் அதைச் சரிசெய்வதும்தான். பிள்ளை பாதுகாப்பை உணர்வது அந்தச் சரிசெய்தலில். எங்கள் வீடுகளில் பெரியவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. காலையில் கத்தி அடித்துவிட்டுப் போன தகப்பன் பின்னேரம் கச்சான் பையோடு வருவார். 'இந்தா' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பிள்ளைக்கு விளங்கும். ஆனால் கச்சான் பை அடியைத்தான் ஈடுசெய்யும். அடி எதற்காக விழுந்தது, இனி விழுமா என்ற பிள்ளையின் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. அதற்கு வாய் திறக்கத்தான் வேண்டும்.

சட்டம் இந்த விடயத்தில் இரண்டு மனதோடு நின்று வந்திருக்கிறது. இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இலேயே ஏற்றது. கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்தது; 2016இல் அதை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் டி சொய்சா தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்காகச் செய்த ஆய்வில், பாடசாலையில் அடி வாங்கியதாகச் சொன்ன மாணவர் 80.4 வீதம். ஆசிரியரின் அடியால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அது அவனுடைய அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. இன்னொரு புறம், 1939ஆம் ஆண்டுச் சிறுவர் இளையோர் கட்டளைச் சட்டம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தண்டிக்கும் உரிமையை விட்டுவைத்த சட்டம். 1979இல் உலகிலேயே முதலாவதாக வீட்டு அடியையும் தடைசெய்த சுவீடன், அந்தச் சட்டத்தில் தனியான தண்டனை எதையும் எழுதவில்லை. பால் பெட்டிகளில் செய்தி அச்சிட்டு, ஒவ்வொரு வீட்டு மேசையிலும் அதைப் பேச வைத்தது. அதுதான் சரியான முறை என்று எனக்குப் படுகிறது. பொலிசைக் கண்டு அஞ்சிப் பழகிய வடக்கில், சிறைக்கு அனுப்பும் சட்டம் பிள்ளையின் வாயைத்தான் முதலில் அடைக்கும்.

சட்டத்தை விட்டு உதவிக்கு வருவோம். வட இலங்கையில் வீட்செ டோல் தலைமையிலான குழு 399 பிள்ளைகளோடு பாடசாலைகளில் ஒரு சோதனை நடத்தி 2012இல் வெளியிட்டது. ஐந்து கிழமைகளில் 15 அமர்வுகள். விளையாட்டு, நாடகம், சிந்தனைப் பயிற்சி எல்லாம் கலந்தது. விளைவு கலவையாக இருந்தது. இளைய பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. அப்போதைய போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு நன்மை கூடுதலாகக் கிடைத்தது. திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளோ, காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. நல்லது செய்யப்போன இடத்தில் இயற்கையான மீட்சிக்குக் குறுக்கே நின்றிருக்கலாம் என்று ஆய்வாளரே ஒத்துக்கொண்டார்கள். அந்த நேர்மை பாராட்டுக்குரியது. இங்கே திட்டம் நடத்துவோர் பலர் வருகைப் பதிவேட்டையே வெற்றியாகக் காட்டுவார்கள்.

பிள்ளையை மட்டும் தனியே எடுத்துத் திருத்திவிட்டு அதே வீட்டுக்கு அனுப்புவதன் எல்லை அதில் தெரிகிறது. கயித்ரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் இலங்கை இளையோரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வும், பேரழிவுகளோடு நாளாந்த அழுத்தங்களும், அதாவது வறுமையும் வீட்டு வன்முறையும், தம் பங்குக்கு மனநலத்தைத் தாக்குவதைக் காட்டியது. மில்லர் அந்தப் பாடத்தோடு பின்னர் லெபனானில் சிரிய அகதிக் குடும்பங்களிடம் வேறொரு வழியில் போனார். ஒன்பது வார அமர்வுகளில் முதற்பகுதி பிள்ளையைப் பற்றியதே அன்று. பெற்றோரின் நித்திரை, கோபம், துக்கம், மூச்சுப் பயிற்சி ஆகியவை முதலில். பிள்ளை வளர்ப்பு அதற்குப் பின். தாய்மாருக்கு ஒரு குழு, தகப்பன்மாருக்கு வேறொரு குழு. முதற்கட்டச் சோதனையிலேயே கடுமையான தண்டனை குறைந்து, பெற்றோரின் இதம் கூடியது.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யத் தேவையானவை ஏற்கெனவே இருக்கின்றன. தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு, சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையம், பிரதேச செயலகங்களின் சிறுவர் அலுவலர்கள், பாடசாலைகளின் ஆலோசனை ஆசிரியர்கள் எல்லாம் உண்டு. இல்லாதது தகப்பன். 2005இன் ஆய்வு பெயர் சொல்லிச் சுட்டியது அவருடைய குடியை. பெற்றோர் கருத்தரங்குக்குப் போய்ப் பார்த்தால் கதிரைகளில் இருப்பது தாய்மார். கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் வேறு யார் வருவார்கள்? கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணும், அன்றைய கூலியை விட்டுவிட்டு அங்கே வந்து, தான் எங்கே பிழை விட்டாள் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கூட்டத்தைக் கடற்றொழிலாளர் சங்கத்திலும், கள்ளிறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்திலும், ஊர் விளையாட்டுக் கழகத்திலும், வேலை முடிந்த பின்னேரத்தில், ஆண் உளவளத்துணையாளர் ஒருவரைக் கொண்டு வைக்க வேண்டும். முதல் நாலு கூட்டங்களில் பிள்ளை என்ற பேச்சையே எடுக்காமல், இரவில் ஏன் நித்திரை வருவதில்லை என்பதிலிருந்து தொடங்கலாம்.